புது எஞ்சினுக்குப் பழைய சத்தம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதற்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கிணறு, கொஞ்சம் புளியமரம், ஒரு பழைய பிளைமவுத் கார். எஸ்டேட் துரை ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது மடத்தில் நிறுத்திவிட்டுப் போன கார் அது. அதை முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர் சடையப்பன். பின் சீட்டில் பெரிய சாமி, முன் சீட்டில் சடையப்பன். சடையப்பனுக்குக் கிடைத்த உபதேசம் எல்லாம் அந்த இரண்டு சீட்டுக்கு நடுவில் கிடைத்ததுதான்.

மலைமேல் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மடத்துக்குத் தகவல் வரும். மடத்துக் கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். பெரிய சாமி மந்திரம் ஒன்றும் சொல்ல மாட்டார். இறங்கிப் போய்த் தரையில் உட்காருவார். வீட்டுக்காரர்கள் அழுதால் அழுகையைக் கேட்பார். கடவுளைத் திட்டினால் அந்தத் திட்டையும் கேட்பார். அவர்கள் ஓய்ந்ததும் எழுந்து வந்து காரில் ஏறிக்கொள்வார்.

கார் பாதி மலை ஏறும்போதே மேலே கேட்டுவிடும். டொக்கு டொக்கு டொக்கு என்று போய், ஒரு டொக்கை விழுங்கிவிட்டு, நீளமாக ஒரு மூச்சு விடும். மறுபடி டொக்கு டொக்கு. வால்வு தேய்ந்த சத்தம். ஆனால் மலையில் யாருக்கும் வால்வைப் பற்றித் தெரியாது. "சாமி வராரு, வழி விடுங்க" என்று கூட்டம் இரண்டாகப் பிரியும்.

பெரிய சாமி மாசி மாதம் காலமானார். போவதற்கு முன்பே தன் இடத்துக்கு ஆள் சொல்லிவிட்டார். அவர் சொன்ன பெயர் சடையப்பன் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு மடத்தில் வந்து சேர்ந்திருந்த தணிகைவேலின் பெயரைச் சொன்னார். சடையப்பனுக்கு மகன் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். ஊர் அந்த ஆளைச் சின்ன சாமி என்று கும்பிட்டது.

சடையப்பன் கும்பிடவில்லை. பட்டம் கட்டிய அன்று அவரை மாலை வாங்க டவுனுக்கு அனுப்பியிருந்தார்கள். மாலையோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. யார் அனுப்பினார்கள், யார் தடுக்கவில்லை, யார் அவருக்கு இலை போட மறந்தார்கள் என்பதெல்லாம் அவர் மனதில் வரிசையாக நின்றன. எதையும் அவர் மறக்கவில்லை. வரிசை நாளுக்கு நாள் நீண்டது.

ஆடி மழையில் ஒரு நாள் மேலூரிலிருந்து தகவல் வந்தது. செல்லமுத்து என்பவரின் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

சடையப்பன் காரை எடுத்தார். சின்ன சாமி பின்னால் ஏறிக்கொண்டார். பாதி மலையில் எஞ்சின் கொதித்து நின்றது. ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஆற வைத்து, மறுபடி கிளப்பினார்கள். அடுத்த வளைவில் மறுபடி நின்றது. இப்படியே நின்று நின்று மேலே போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள்.

செல்லமுத்து ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"சாயந்திரம் வரைக்கும் வெச்சிருந்தோங்க. மழையில பிள்ளையை அதுக்கு மேல வெக்க முடியல."

சின்ன சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"பரவாயில்லைங்க. வண்டி என்ன பண்ணும், பாவம்" என்றார் செல்லமுத்து.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சடையப்பனுக்கு.

மறுநாள் காலையில் சின்ன சாமி காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"வண்டிக்குக் கீழ இருக்கிறதை எல்லாம் மாத்திரலாம்" என்றார்.

"எல்லாம்னா?" என்றார் சடையப்பன்.

"சேஸிஸ், எஞ்சின், கியர் பெட்டி, பிரேக். மரம் விழுந்து மேல்பக்கம் நசுங்கின புது ஜீப் ஒண்ணு டவுன்ல நிக்குது. மடத்துக்கே தர்றேங்கறார் அதோட சொந்தக்காரர். ஜீப்போட அடிப்பாகத்து மேல நம்ம காரோட கூட்டைத் தூக்கி வெச்சிரலாம்னு பட்டறை தாவூது பாய் சொல்றார். நல்ல வேகமான எஞ்சினாம்."

"அதுக்கு ஜீப்பையே தட்டிச் சரி பண்ணி ஓட்டலாமே. எதுக்கு இந்தக் கூடு?"

"மடத்துக் கார் போய் நின்னாத்தானே பாடையைத் தூக்குவாங்க."

"அப்ப ஊரை ஏமாத்த வேஷம் கட்டறோம்."

சின்ன சாமி கார் விளக்கின் கண்ணாடியில் இருந்த சேற்றைத் துடைத்தார்.

"பெரிய சாமிக்குக் கண்ணுல ஆபரேஷன் பண்ணி வேற லென்ஸ் வெச்சாங்களே. அப்புறம் அவரு வேற ஆளாயிட்டாரா?"

"அவரு உசுரோட இருந்தாரு. அந்தக் கண்ணுல என்னைப் பாத்தாரு. இந்தக் கூட்டுக்குள்ள இருந்து யாரு என்னைப் பாக்கப் போறாங்க?"

சின்ன சாமி ஜன்னல் வழியாகப் பின் சீட்டைப் பார்த்தார்.

"வேலை முடியற வரைக்கும் கூட நிப்பேன்" என்றார் சடையப்பன். "அதுக்கு அப்புறம் ஓட்ட வேற ஆளைப் பாத்துக்கங்க."

"எங்க போவீங்க?"

"தங்கச்சி ஊர் இருக்குது. அங்க என்னை யாரும் மாலை வாங்க அனுப்ப மாட்டாங்க."

சின்ன சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சரிங்க" என்றார்.

இருங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்தச் 'சரிங்க'வும் வரிசையில் போய் நின்றது.

தாவூது பாயின் பட்டறை டவுனுக்கு வெளியே இருந்தது. காரின் கூட்டைச் சங்கிலி போட்டு நாலு மூலையிலும் கட்டினார்கள். போல்ட்டுகளைக் கழற்றினார்கள். சங்கிலியை இழுக்க இழுக்கக் கூடு மேலே எழுந்தது. கதவு, கண்ணாடி, பின் சீட்டு எல்லாம் அந்தரத்தில் போனது. கீழே துருப்பிடித்த இரண்டு நீளச் சட்டமும் குறுக்குக் கட்டையும் மட்டும் கிடந்தன. பெரிய சாமியைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது பார்த்த முதுகெலும்பு சடையப்பனுக்கு ஞாபகம் வந்தது. அவர் பட்டறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கய்யா" என்று பாய் கூப்பிட்டார். "கூட்டைத் தூக்கிட்டா எல்லா வண்டியும் இவ்வளவுதான். ராஜா வண்டியும் ஏணிதான், குப்பை வண்டியும் ஏணிதான்."

"உங்களுக்கு அது வெறும் ஏணி."

"எனக்குச் சோறு போடற ஏணிங்க. வெறும் ஏணின்னு சொல்லாதீங்க."

ஜீப்பின் சேஸிஸ் கூட்டைவிடக் கட்டையாக இருந்தது. பாய் அதை நடுவில் அறுத்து, இரண்டு பக்கமும் இரும்பு வைத்து நீட்டினார். கூட்டின் அடிப்பலகையை வெட்டி, புது கியர் பெட்டிக்கு வழி செய்தார். முன்பக்கத்துத் தகரத்தைக் குடைந்து எஞ்சினை உட்கார வைத்தார். சடையப்பன் தினமும் பஸ் ஏறி வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு வேலையும் செய்யவில்லை. அறுக்கிற சத்தம் வரும்போது மட்டும் எழுந்து போவார், வருவார்.

கடைசியில் கூட்டை இறக்கிப் பூட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே கார். அதே பச்சை. அதே நீளமான மூக்கு.

பாய் சாவியைத் திருப்பினார்.

சடையப்பன் காத்திருந்தார்.

"எப்பக் கிளம்பும்?" என்று கேட்டார்.

"கிளம்பி ஓடிட்டு இருக்குதுங்க. கையை வெச்சுப் பாருங்க."

சடையப்பன் பானட்டில் உள்ளங்கையை வைத்தார். தூங்குகிற பூனையைத் தொட்டதுபோல இருந்தது.

"இனிமே மலை என்ன, சுவத்துல விட்டாலும் ஏறும்" என்றார் பாய்.

சடையப்பன் கையை எடுக்காமல் நின்றார்.

"பாய், சைலன்சர்ல ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"இன்னும் சத்தம் குறையணுமா? இதுக்கு மேல குறைச்சா, வண்டி செத்துருச்சுன்னு தூக்கிட்டுப் போயிருவாங்க."

"குறைக்க வேண்டாம். பழைய சத்தம் வேணும்."

"எந்தப் பழைய சத்தம்?"

சடையப்பன் சுற்றிலும் பார்த்தார். பட்டறை ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர் வாயைக் குவித்துச் செய்து காட்டினார். டொக்கு டொக்கு டொக்கு. ஒன்றை விழுங்கினார். மூச்சு விட்டார். மறுபடி டொக்கு டொக்கு.

ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டே சிரித்தான். சடையப்பன் நிறுத்தவில்லை. மேடு ஏறும்போது எப்படி இழுக்கும், வளைவில் எப்படித் திணறும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அய்யா, இது நல்ல திடமான பிள்ளை" என்றார் பாய். "இதைப் போய் இழுப்பு நோய்க்காரன் மாதிரி இருமச் சொல்றீங்க."

"சொல்றேன்."

"பொய்க்கு இருமணும்."

"இருமட்டும்."

பாய் குழாயைக் கழற்றினார். உள்ளே ஒரு தகரத்தைத் தளர்த்தினார். இணைப்பில் ஒரு கீறல் போட்டார். பிறகு இன்னொன்று போட்டார். ஒவ்வொரு தடவையும் எஞ்சினைக் கிளப்பி, சடையப்பனின் முகத்தைப் பார்ப்பார். சடையப்பன் தலையை ஆட்டுவார். மறுபடி கழற்றுவார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அது வந்தது. டொக்கு டொக்கு டொக்கு என்று போய், ஒன்றை விழுங்கி, நீளமாக மூச்சு விட்டது.

சடையப்பன் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்கய்யா, சிரிக்கிறீங்களா, அழுவறீங்களா?"

"நானே ஓட்டறேன்" என்றார் சடையப்பன். "இந்த வண்டியை நானேதான் ஓட்டுவேன்."

"நீங்கதானே ஓட்டறீங்க?"

"மடத்துல இதைச் சொல்ல வேண்டாம் பாய்."

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது? அவங்களுக்குக் காது இல்லையா?"

கார் மடத்துக்குள் நுழைந்தபோது சின்ன சாமி கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்தபடி நின்றார். வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"எப்படி இருக்குதுங்க?" என்றார்.

"நல்லா இருக்குது" என்றார் சடையப்பன்.

சின்ன சாமி வாளியை மேலே இழுத்தார். தங்கச்சி ஊருக்குப் போகிற பேச்சு எழவில்லை. அடுத்த சில நாட்கள் சந்தைக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போய் வந்தார்கள். சடையப்பன் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்து, பின் சீட்டு தெரியாதபடி வைத்துக்கொண்டார். ரோட்டை மட்டும் பார்த்து, காதை மட்டும் திறந்து வைத்து ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. பெரிய சாமி பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில், "சடையா, மெதுவாப் போப்பா" என்பார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது அவருக்கு.

புரட்டாசியில் மேலூரிலிருந்து தகவல் வந்தது. நல்லண்ணன் என்பவர் வரப்பில் விழுந்து போய்விட்டார். அவருடைய மனைவி பாவாயியைச் சடையப்பனுக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் மூத்த பையன் பாம்பு கடித்துப் போனபோது, பெரிய சாமி விடிய விடிய அந்த அம்மாளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவரை வாய்க்கு வந்தபடி திட்டியவள் பாவாயி. அடுத்த வருஷமே வாழைத்தார் சுமந்துகொண்டு மடத்துக்கு வந்தாள். பெரிய சாமியின் அடக்கத்துக்கும் வந்து, எல்லாரும் போன பிறகு கடைசியாகப் போனாள்.

கார் மலையில் ஏறியது. பஸ்ஸை முந்தியது. கொதிக்கவில்லை, திணறவில்லை. ஆனால் திணறுகிற சத்தத்தைப் போட்டுக்கொண்டே போனது. அந்தச் சத்தம் பள்ளத்தில் இறங்கி, எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

மேலூருக்குள் நுழைந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாடையைக் கட்டி முடித்திருந்தார்கள். நல்லண்ணனை வாசலில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். கார் வருகிற பக்கம் அவள் முதுகு இருந்தது.

சத்தம் கேட்டதும் அவள் ஒப்பாரி நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து புருஷனின் தோளைப் பிடித்தாள்.

"ஏனுங்க" என்று உலுக்கினாள். "எந்திரிங்க. சாமி வந்துட்டாரு. பாருங்க, சாமியே திரும்பி வந்துட்டாரு. எந்திரிங்க."

பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். அவள் உதறினாள்.

"விடுங்கடி. அவரே வந்துட்டாரு. இவரும் வருவாரு. விடுங்கடி."

சடையப்பனின் கை ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டது. எஞ்சினை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. கை வரவில்லை. கார் நின்ற இடத்தில் டொக்கு டொக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து சாவியைத் திருப்பியது.

பின் கதவு திறந்தது. பாவாயி அப்போதுதான் திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது. அழுத கண்ணோடு அப்படி மலர்ந்த முகத்தைச் சடையப்பன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சின்ன சாமி இறங்கினார்.

பாவாயி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், காலியான சீட்டைப் பார்த்தாள்.

"நான்தான்மா" என்றார் சின்ன சாமி.

அவள் புருஷனின் சட்டை கசங்கியிருந்ததை நீவி விட்டாள். பிறகு எழுந்து காருக்கு வந்தாள். முன் ஜன்னலில் குனிந்தாள்.

"அவரு போனது எனக்குத் தெரியும்" என்றாள். "நானும்தானே வந்து மண்ணுப் போட்டேன்."

சடையப்பன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு ஒரு சாவுதான் ஒருத்தியால தாங்க முடியும் சடையண்ணா. நீ எனக்கு ரெண்டு கொண்டாந்துட்ட."

அவள் திரும்பிப் போனாள். சின்ன சாமி தரையில் உட்கார்ந்திருந்தார். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். அவள் பேசினாள், அழுதாள், அவரைத் திட்டக்கூடச் செய்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாடையைத் தூக்கினார்கள். சடையப்பன் காரை விட்டு இறங்கவே இல்லை.

திரும்பும்போது பாதி மலையில் சடையப்பன் காரை ஓரம் கட்டினார். இறங்கினார். பின்பக்கம் போய்ப் படுத்து, அடியில் கையை விட்டு, சைலன்சர் குழாயைப் பிடித்து இழுத்தார். கொதிக்கிற இரும்பு. விடாமல் இழுத்தார்.

சின்ன சாமி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். கையைப் பார்த்தார். உள்ளங்கை வெந்திருந்தது. பக்கத்தில் மலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கடியில் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். எடுக்கப் பார்த்தபோது விடவில்லை.

"ஆறட்டும். அவசரப்படாதீங்க."

இரண்டு பேரும் நின்றார்கள். தண்ணீர் கையில் விழுந்துகொண்டிருந்தது.

"பாய்கிட்ட நான்தான் அந்தச் சத்தத்தை வெக்கச் சொன்னேன்" என்றார் சடையப்பன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"வண்டி மடத்துக்குள்ள வந்த அன்னைக்கே."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கழட்டி எறிஞ்சிருப்பேன். அந்தம்மா செத்த மனுசனைப் போட்டு அப்படி உலுக்கியிருக்க மாட்டா. நீங்க சாமி. நான் டிரைவர். நீங்கதானே சொல்லியிருக்கணும்? ஏன் சொல்லல?"

சின்ன சாமி அவர் கையைத் திருப்பி, விரல்களுக்கு நடுவில் தண்ணீர் போகும்படி பிடித்தார்.

"இன்னைக்குச் சொல்லிரணும்னு நெனச்சுத்தான் ஒவ்வொரு தடவையும் வண்டியில ஏறுவேன். நீங்க வண்டியைக் கிளப்புவீங்க, அந்தச் சத்தம் வரும். நான் கொஞ்சம் நகந்து, அவருக்கு இடம் விட்டு உக்காந்துக்குவேன்."